ஐஸ்லாந்தில் ஹெலிகாப்டரில் ஒரு நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

பணத்தைக் கட்டியாயிற்று, கனமான உடைகளை மாட்டியாயிற்று, ரேக்யவிக் விமான நிலையத்தில் வந்து உட்கார்ந்தும் ஆயிற்று. அதற்குப் பிறகும் மேகம் கீழே இறங்கிவிட்டால் அன்றைக்கு ஹெலிகாப்டர் கிளம்பாது. ஐஸ்லாந்தில் இது அடிக்கடி நடக்கிற விஷயம். எனவே இந்தப் பயணத்தைத் திட்டமிடுகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது எந்த நிறுவனம், எவ்வளவு கட்டணம் என்பதை அல்ல. வானிலை கைவிட்டால் மாற்று நாள் கையில் இருக்கிறதா என்பதைத்தான். மற்றதெல்லாம் அப்புறம்.

ஐஸ்லாந்தின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு பனியாறுகளுக்கு அடியில் இருக்கிறது. அந்தப் பனிக்குக் கீழேயே உயிருள்ள எரிமலைகள் இருப்பதுதான் இந்த ஊரின் விசேஷம். தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து கிளம்பிய முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு பனியாற்றின் உச்சியில் இறங்கி நிற்கலாம். உயரமும் அதிகமில்லை, பெரும்பாலும் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்குள்தான் பறப்பீர்கள். லடாக் போனவர்களுக்கு வருகிற மூச்சுத்திணறல் கவலை இங்கே வேண்டாம்.

எந்தப் பயணம் என்று முடிவுசெய்வது

ரேக்யவிக்கிலிருந்து கிளம்பும் பயணங்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். முதலாவது, நகரத்தைச் சுற்றியோ ரேக்யனெஸ் தீபகற்பத்தின் புதிய லாவா வயல்களுக்கு மேலேயோ ஒரு சின்னச் சுற்று. இரண்டாவது, லாங்யோகுல் அல்லது எய்யாபியாட்லாயோகுல் போன்ற ஒரு பனியாற்றில் இறங்கித் திரும்புவது. மூன்றாவது, உள்நாட்டு மேட்டுநிலம் வரை போய், இரண்டு மூன்று இடங்களில் இறங்கி வரும் நீண்ட நாள். சின்னச் சுற்றுக்கே ஒரு ஆளுக்குச் சில நூறு யூரோ ஆகும். நீண்ட நாள் என்றால் ஆயிரம் யூரோவைத் தாண்டிவிடும்.

நகரச் சுற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதில் தெரிகிற பலவற்றைக் காரில் போயே பார்த்துவிடலாம். செலவு செய்வதென்று முடிவானால் பனியில் ஒரு முறையாவது இறங்குகிற பயணமாக எடுங்கள். கொஞ்சம் தாராளமாகச் செலவழிக்க முடியும் என்றால் மேட்டுநிலம் வரை போங்கள். அங்கே போகும் மலைப்பாதைகள் வருடத்தில் பெரும்பகுதி மூடிக்கிடக்கும். திறந்திருக்கும் மாதங்களிலும் ஆற்றைக் கடந்து போகிற நான்கு சக்கர உந்து வண்டி வேண்டும். கொடுத்த காசுக்கு ஹெலிகாப்டர் முழுதாக உழைப்பது அங்கேதான்.

விளம்பரத்தில் 'நான்கு மணி நேரப் பயணம்' என்று போட்டிருந்தால், அதில் வானத்தில் எவ்வளவு நேரம், தரையில் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். பாதிக்குப் பாதி என்று பதில் வந்தால் நல்ல பயணம். தரையில் பத்து நிமிடம்தான் என்றால், படம் எடுத்து முடிப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.

எந்த மாதம்

மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில் பகல் வெளிச்சமே நான்கு மணி நேரம்தான் என்பதால் நீண்ட பயணத்துக்கு நேரம் போதாது. ஜூன் கடைசியில் ரேக்யவிக்கில் சூரியன் நள்ளிரவையொட்டித்தான் மறையும். அதனால் மாலை ஏழு மணிப் பயணத்தைப் பார்த்து 'இருட்டிவிடுமோ' என்று பயந்து தவிர்க்காதீர்கள். சாய்ந்து விழும் அந்த வெயிலில்தான் எரிமலை வாய்களின் ஆழமும் மடிப்பும் நன்றாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

மேட்டுநிலத்தின் வண்ண மலைகளைப் பார்க்க வேண்டும் என்றால் ஜூலை, ஆகஸ்ட். மே மாதம் போனால் அந்த வண்ணங்களில் பாதி பனிக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஆனால் பனியாறு வெள்ளை வெளேரென்று இருப்பதும் மே மாதத்தில்தான். கோடை முடிய முடிய மேல்பனி கரைந்து, அடியிலுள்ள சாம்பலும் பிளவுகளும் வெளியே வந்துவிடும். எனக்கு அழுக்கேறிய பனியாறுதான் பிடிக்கும். அதன் உடம்பில் நடந்ததெல்லாம் அப்போதுதான் வெளியே தெரிகிறது.

விசாவும் நாள்கணக்கும்

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு என்றால் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டியதில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை எடுக்கும்போதே, ஹெலிகாப்டர் சுற்றுலாவும் பனியாற்றில் இறங்குவதும் அதற்குள் வருமா என்று படித்துப்பாருங்கள். சில திட்டங்கள் இவற்றைச் சாகச விளையாட்டு என்று சொல்லி விலக்கிவிடும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை. லண்டன் வழியாகப் போகிறவர்கள் பிரிட்டன் ஷெங்கனில் சேராது என்பதை நினைவில் வையுங்கள். இடைமாற்று விசா விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

ஹெலிகாப்டரை வந்த இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ வையுங்கள். கடைசி நாளுக்கு ஒருபோதும் வேண்டாம். முதலிலேயே வைத்தால், வானிலை சரியில்லாமல் ரத்தானாலும் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட முடியும். அந்த நாட்களில் ரேக்யவிக்கிலிருந்து வெகுதூரம் போகாத மாதிரி மற்ற இடங்களை அடுக்கிக்கொள்ளுங்கள். வடக்கே அக்குரேரியில் தங்கியிருக்கும்போது 'நாளை காலை வானம் தெளிவு, வருகிறீர்களா?' என்று அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்று. திங்வெட்லிரில் உள்ள சில்ஃப்ரா என்ற நீர் நிறைந்த பிளவில் முக்குளிக்கும் ஆசையும் பலருக்கு இருக்கும். காற்று உருளை கட்டி ஆழத்துக்குப் போய் முக்குளித்தவர்கள், அதற்குப் பிறகு 18 முதல் 24 மணி நேரம் வரை பறக்கக் கூடாது. அதனால் முதலில் ஹெலிகாப்டர், அப்புறம் முக்குளிப்பு. நீர்மட்டத்தில் மிதந்து பார்க்கிறவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா, வேறு நாள் மட்டும்தான் தருவார்களா? குறைந்தபட்சம் எத்தனை பேர் சேர்ந்தால் கிளம்புவார்கள்? இது முக்கியம்: தனியாகப் போகிறவர்கள் ஒரே ஒரு சீட்டு வாங்கிவிட்டு, இன்னொருவர் சேராததால் காத்துக்கிடப்பது உண்டு. பாதி வழியில் மேகம் மூடிவிட்டால் என்ன செய்வார்கள்? இறங்கும் கட்டணம் விலைக்குள் இருக்கிறதா? பதில்களை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள்.

எடையையும் கேட்பார்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சட்டை, காலணி, கேமரா எல்லாம் சேர்த்து. எப்படியும் கிளம்பும் முன் நிறுத்துப் பார்ப்பார்கள். இங்கே பரவலாக ஓடுகிற எச்125 போன்ற ஹெலிகாப்டரில் விமானி வலப்பக்கம் இருப்பார். அவருக்கு இடப்பக்கம் ஒருவரோ இருவரோ, பின்னால் ஒரே வரிசையில் நான்கு பேர். எவ்வளவு எரிபொருள் நிரப்பலாம், யாரை எங்கே உட்காரவைக்கலாம் என்பதெல்லாம் இந்த எடையை வைத்துத்தான் முடிவாகும். கணவன், மனைவி அடுத்தடுத்து உட்கார முடியாமல் போகலாம். ஜன்னல் இருக்கைக்காக வாதாடுவதில் பயனில்லை. குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் கூடுதல் கட்டணம் உண்டு. அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுவது சங்கடத்தைக் குறைக்கும்.

உடையும் பையும்

ஜூலையில் ரேக்யவிக்கில் பத்துப் பதின்மூன்று டிகிரி இருக்கும். பனியாற்றின் உச்சியில் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், காற்று வேறு அறையும். உடம்பை ஒட்டி கம்பளி உள்ளாடை, மேலே ஃபிளீஸ், அதற்கு மேலே காற்றும் நீரும் புகாத ஜாக்கெட். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. கணுக்கால் வரை ஏறும் காலணி, கையுறை, காதை மூடும் குல்லாய். குளிர்க்கண்ணாடியை மறந்துவிடாதீர்கள், பனி மீது வெயில் பட்டுத் தெறிக்கும்போது வெறும் கண்ணால் பார்க்கவே முடியாது. குடை கொண்டுபோனால் சிரிப்பார்கள்.

சால்வை, துப்பட்டா, தளர்வான தொப்பி, செல்ஃபி குச்சி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். முதுகுப்பைக்கு உள்ளே இடம் இருக்காது. குமட்டல் வருகிற உடம்பு என்றால், மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுவிடுங்கள். ஏறிய பிறகு போட்டால் திரும்பி வரும்போதுதான் வேலை செய்யும். காலையில் லேசாகச் சாப்பிடுங்கள். வெறும் வயிறும் நல்லதில்லை. ஹெலிகாப்டரிலும் கழிப்பறை இல்லை, பனியாற்றிலும் இல்லை. ஆகவே காபியை அளவோடு. சைவம் சாப்பிடுகிறவர்கள் பையில் பருப்பு, உலர்பழம், இனிப்புக்கட்டி ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தில்

கெப்லாவிக்குக்குப் போய்விடாதீர்கள். வெளிநாட்டு விமானங்கள் வந்து இறங்கும் அந்த நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஹெலிகாப்டர்கள் பெரும்பாலும் கிளம்புவது நகரத்துக்கு உள்ளேயே இருக்கும் சின்ன உள்நாட்டு விமான நிலையத்திலிருந்து. பயணச்சீட்டில் எழுதியிருக்கும் கட்டடத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலுவலகங்கள் இருப்பதால் சுற்றிவர நேரம் ஆகும்.

பாதுகாப்பு விளக்கத்தைக் கைபேசியை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள். அதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் நான்கைந்துதான். வால் பக்கம் எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது. சுழலும்போது வால் விசிறி கண்ணுக்கே தெரியாது. விமானியின் கண்ணில் படுகிற மாதிரி முன்பக்கமாக, பக்கவாட்டிலிருந்து, அவர் தலையசைத்த பிறகுதான் நெருங்க வேண்டும். மேல் விசிறி ஓடும்போது குனிந்து நடங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்காதீர்கள். தொப்பி பறந்தால் பறக்கட்டும், துரத்தாதீர்கள். சரிவான இடத்தில் இறங்கியிருந்தால் பள்ளத்துப் பக்கமாகவே இறங்கிப் போய், பள்ளத்துப் பக்கமாகவே திரும்பி வர வேண்டும். மேட்டுப் பக்கம் ஏறினால் விசிறி உங்கள் தலைமட்டத்துக்கு வந்துவிடும்.

உள்ளே ஏறியதும் ஹெட்செட் மாட்டுவார்கள். கம்பளிக் குல்லாய்க்கு மேலே மாட்டினால் இரைச்சல் உள்ளே புகும். குல்லாயைக் கழற்றிவிட்டு, மைக் உதட்டைத் தொடுகிற அளவுக்கு இழுத்துவைத்துக்கொள்ளுங்கள். விமானி கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக் கூடாது.

வழியில் என்ன பார்ப்பது

நிறுவனத்துக்கு நிறுவனம் வழி மாறும். கிழக்கே போகிற நீண்ட பயணம் என்றால் பெரும்பாலும் முதலில் வருவது ஹெட்லிஸ்ஹெய்தி புவிவெப்ப மின்நிலையமும் ஹெங்கிட்ல் எரிமலைச் சரிவுகளும். மலை இடுக்கெல்லாம் ஆவி எழும்பும். அதைத் தாண்டி திங்வெட்லிர் ஏரி. பூமியின் மேலோட்டிலுள்ள வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் வருடத்துக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கும் இடம் இது. தரையில் நின்று பார்த்தால் ஒரு பாறைச்சுவர்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் பிளவுகள் எல்லாம் ஒரே திசையில், தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வரிவரியாக ஓடுவது தெரியும். இதைப் பார்த்துவைத்துக்கொண்டால், அடுத்து வரும் எரிமலைகள் ஏன் அதே திசையில் நீண்டு கிடக்கின்றன என்பது தானாகப் புரிந்துவிடும்.

வடக்குப் பக்கம் ஸ்க்யால்ட்பிரெய்துர் தெரியும். 1,060 மீட்டர் உயரம்தான். ஆனால் சரிவு அவ்வளவு மெதுவாக இருப்பதால் மலை என்றே தோன்றாது. நீர்த்த லாவா நிதானமாகப் பரவிப் பரவி எழுந்தது. அதன் பின்னால் லாங்யோகுல், நாட்டின் இரண்டாவது பெரிய பனியாறு. மேற்கே போகிற பயணமாக இருந்தால் ஓக் மலையைக் காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் இருந்த பனி நகரும் வலுவை இழந்துவிட்டதால், இனி அது பனியாறு இல்லை என்று 2014இல் ஐஸ்லாந்துக்காரர்களே அறிவித்தார்கள். 2019இல் நினைவுப் பலகையும் வைத்தார்கள். மேலிருந்து பார்த்தால் ஒரு வெறும் எரிமலை வாயும் அதன் ஓரத்தில் கொஞ்சம் வெண்மையும்தான். இதைப் பார்க்க மணிக்கு நூற்றைம்பது லிட்டருக்கு மேல் எரிபொருள் குடிக்கிற வண்டியில் வந்திருக்கிறோமே என்று உறுத்தினால், அந்த உறுத்தல் நியாயமானதுதான்.

தெற்கே திரும்பினால் ஹெக்லா, 1,491 மீட்டர். கடைசியாக 2000இல் வெடித்தது. அது பொங்குவதற்கு முன் கிடைக்கும் எச்சரிக்கை ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் இருக்கும். விமானிகள் அதன் உச்சியைச் சுற்றி அதிகம் வட்டமடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். அதைத் தாண்டி லாண்ட்மன்னலாய்கர். மற்ற இடங்களில் பெரும்பாலும் கறுப்பு பசால்ட் பாறை. இங்கே ரையோலைட் என்ற வெளிர்நிற எரிமலைப் பாறை. மஞ்சளையும் குங்குமத்தையும் மலைச்சரிவில் கொட்டி, மழை வந்து கலைத்துவிட்ட மாதிரி இருக்கும். இது இயற்கைக் காப்பகம் என்பதால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது.

அப்புறம் மீர்தால்ஸ்யோகுல் பனியாறு. கீழே தெரிவது ஒரு பெரிய வெள்ளைச் சமவெளி, அவ்வளவுதான். அதற்கடியில் கட்லா எரிமலையின் பெருவாய், சுமார் பத்து கிலோமீட்டர் அகலம். பனியில் அங்கங்கே வட்டமாகக் குழிந்த பள்ளங்களைத் தேடுங்கள். கீழேயிருந்து வரும் சூடு பனியின் அடியை உருக்குவதால் மேல்பரப்பு உள்வாங்கிய இடங்கள் அவை. கட்லாவின் கடைசிப் பெரிய வெடிப்பு 1918இல். அப்போது பனி உருகி வந்த வெள்ளம் கொட்டிய மணலால் தென்கரையே கடலுக்குள் நீண்டது.

மீர்தால்ஸ்யோகுலுக்கும் எய்யாபியாட்லாயோகுலுக்கும் நடுவே ஃபிம்வொர்துஹால்ஸ் கணவாய். 2010 மார்ச்சில் இங்கே ஒரு பிளவு திறந்து, மேக்னி, மோதி என்று இரண்டு புதிய கூம்புகள் முளைத்தன. செம்பழுப்பு நிறத்தில் இன்னும் புதிதாகவே இருக்கும். ஏப்ரல் 14இல் பக்கத்து எய்யாபியாட்லாயோகுலின் பனிக்கடியிலேயே வெடித்தபோதுதான், பரவிய சாம்பலால் ஐரோப்பாவின் வான்வழிகள் மூடின. ஏறக்குறைய ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின. சாதாரணமாகத் தெரியும் 1,651 மீட்டர் மலை. திரும்பும் வழியில் ஸ்கோகாபாஸ் அருவியும் கடலுக்குள் வெஸ்ட்மன்னயார் தீவுகளும் வரும்.

ரேக்யனெஸ் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 2021இல் ஃபக்ரதால்ஸ்ஃப்யாட்ல் பொங்கியதிலிருந்து அங்கே நிலைமை மாறிக்கொண்டே இருக்கிறது. 2023 நவம்பரில் கிரிண்டவிக் ஊரையே காலிசெய்தார்கள். அந்த டிசம்பரிலிருந்து 2025 ஆகஸ்டுக்குள் அருகிலுள்ள பிளவில் ஒன்பது முறை லாவா வந்தது. வெடிப்பு நடக்கும்போது வான்வெளிக்குத் தனிக் கட்டுப்பாடு போடுவார்கள். அடங்கிய பிறகும் புதிய லாவாவின் மேல் கால் வைக்காதீர்கள். மேலே கறுத்துக் கெட்டியாகத் தெரியும், உள்ளே சூடு வருடக்கணக்கில் இருக்கும்.

பனியில் இறங்கியதும்

விமானி காட்டிய எல்லைக்குள் மட்டும் நடங்கள். பனிப்பிளவுகள் மேலே மெல்லிய பனி மூடி, சமதளமாகவே தெரியும். ஓரத்தில் நின்று எட்டிப்பார்க்கும் வேலையே வேண்டாம்.

படங்களில் வருகிற நீலத்தை எதிர்பார்த்து இறங்குகிறவர்கள் முதலில் ஏமாறுவார்கள். கோடையில் காலடியில் இருப்பது பொரபொரவென்ற சாம்பல்நிறப் பனிக்கல். முழங்கால் உயரத்துக்குக் கறுப்பு மணல் கூம்புகள் நிற்பதையும் பார்க்கலாம். பூட்ஸ் நுனியால் லேசாகச் சுரண்டினால் விரற்கடை தடிப்புக்குத்தான் சாம்பல், உள்ளே முழுக்கப் பனி. கனமாகப் படிந்த சாம்பல் வெயிலைத் தடுத்ததால் அடியில் இருந்த பனி மட்டும் உருகாமல் நின்றிருக்கிறது. பனிச்சுவர் தெரியும் இடமாக இருந்தால் அதில் கறுப்புக் கோடுகளைத் தேடுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பின் சாம்பல்.

லாவா வயலில் இறங்கினால் பாசியை மிதிக்காதீர்கள். ஒரு கால்தடம் மறைய பல பத்தாண்டுகள் ஆகும்.

படம் எடுக்க

கறுப்பு உடை போடுங்கள். வெளிர்நிறச் சட்டை கண்ணாடியில் பிரதிபலித்து எல்லாப் படத்திலும் வந்து உட்காரும். போலரைசர் வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் ஜன்னலில் வானவில் பட்டைகள் விழும். லென்ஸைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோங்கள், ஆனால் ஒட்டவைக்காதீர்கள். அதிர்வு படத்துக்குள் இறங்கிவிடும். ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். கைபேசிக்கு மணிக்கட்டுக் கயிறு. ட்ரோன் கொண்டுபோகிறவர்கள் அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று முன்பே பாருங்கள்.

ரத்தாகிவிட்டால்

முந்தின நாள் இரவு ஐஸ்லாந்து வானிலை மையத்தின் தளத்தில் மேகப் படத்தையும் காற்றையும் பாருங்கள். நகரத்தில் வெயில் அடித்தாலும் பனியாற்றின் மேல் மேகம் உட்கார்ந்திருக்கலாம். மேல் மேகமும் கீழே பனியும் ஒரே வெள்ளையாகிவிட்டால் தரை எங்கே இருக்கிறது என்றே விமானிக்குத் தெரியாது. அப்போது அவர் முடியாது என்றால் கெஞ்சிப் பார்க்காதீர்கள். வேறு நாள் கேளுங்கள். அதுவும் இல்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டு, வந்த அட்டைக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

அன்றைய பொழுதுக்கு, விமான நிலையத்தை ஒட்டிய குன்றின் மேல் பெர்லான் அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே பனிக்குகை ஒன்று அமைத்திருக்கிறார்கள். கார் இருந்தால் தெற்கே இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக ஓட்டி, சோல்ஹைமாயோகுலில் வழிகாட்டியோடு பனிநடை போகலாம். மேகம் மூடிய நாளிலும் பெரும்பாலும் நடக்கும், கட்டணமும் ஹெலிகாப்டரோடு ஒப்பிட்டால் சொற்பம். காலில் மாட்ட முள்தகடு அவர்களே தருவார்கள். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸ் மட்டும் நீங்கள் போட்டுக்கொண்டு போனால் போதும்.